சொட்டு மருந்தும் வேலூர்க் குடலும்: ஒரு நிகழ்வு ஆய்வு

1972-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து டி. ஜேக்கப் ஜான், சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். வெப்பமண்டல நாட்டுக் குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுத்தால், எதிர்பார்த்த அளவுக்கு ரத்தத்தில் எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, உண்டாவதில்லை என்பதுதான் அதன் செய்தி. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மூன்று தவணை கொடுத்தால் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் ஆன்டிபாடி வந்துவிடும். வேலூரில் அதே மூன்று தவணைக்குப் பிறகும் கணிசமான குழந்தைகளுக்கு ஒன்றும் வரவில்லை.

இதைக் கேட்டவர்களுக்கு உடனே தோன்றியது ஒன்றுதான்: மருந்தை ஐஸ்பெட்டியில் ஒழுங்காக வைத்திருக்க மாட்டார்கள், வெயிலில் கெட்டுப்போயிருக்கும். வெளிநாட்டவர்கள் மட்டுமல்ல, நம்மவர்களும் வெகுகாலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் வீரியம் குறையாத மருந்தைக் கொடுத்தாலும் கதை மாறவில்லை. கோளாறு பெட்டியில் இல்லை, வயிற்றில்.

அந்த வயிற்றில் என்ன நடக்கிறது என்று அரை நூற்றாண்டாக ஒரே ஊரில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். குடல், பாக்டீரியா, வைரஸ், எதிர்ப்பு மண்டலம் என்ற நான்கும் ஒரு பச்சிளம் வயிற்றுக்குள் எப்படி மோதிக்கொள்கின்றன என்பதை இவ்வளவு காலம், இவ்வளவு விதமாகச் சோதித்துப் பார்த்த ஊர்கள் உலகத்தில் அதிகம் இல்லை. அதனால்தான் வேலூரை எடுத்துக்கொண்டேன்.

சொட்டு போகும் வழி

சொட்டு மருந்து முகாமைப் பார்க்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. அங்கன்வாடி வாசலில் ஒரு மேசை, பக்கத்தில் ஐஸ்பெட்டி, வாயைத் திறக்க மறுத்து அலறும் குழந்தை. நர்ஸ் கன்னத்தை இரண்டு விரலால் அழுத்துவார். இரண்டு சொட்டு உள்ளே போகும். இடது கைச் சுண்டுவிரலில் மை வைப்பார்கள். அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டே அடுத்தவருக்கு வழி விடுவார்.

அந்த இரண்டு சொட்டில் இருப்பது உயிருள்ள வைரஸ். வீரியம் குறைக்கப்பட்டது, ஆனாலும் உயிருள்ளது. அது குடலுக்குப் போய், அங்கே செல்களுக்குள் நுழைந்து, பெருகினால்தான் மருந்து வேலை செய்ததாகக் கணக்கு. குழந்தைகளுக்குக் கடும் பேதியை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கான சொட்டு மருந்தும் அப்படியே. ஊசியில் போடும் தடுப்பு மருந்துக்கு இந்தக் கவலை கிடையாது. அது நேரே சதைக்குள் போய்விடுகிறது. வாய்வழி மருந்தோ ஒரு சிறு தொற்றை உண்டாக்கிக் காட்ட வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் ஒன்றும் நடக்காது, மறுநாள் மலத்தோடு வெளியே போய்விடும்.

குடலின் உள்சுவர் ஒரே ஒரு அடுக்கு செல்தான். மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒருமுறை அந்த அடுக்கு முழுவதும் புதிதாக மாறிவிடுகிறது. சிறுகுடலில் அது விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும். பள்ளிப் புத்தகத்தில் குடலுறிஞ்சிகள் என்று படித்தோமே, அவைதான். ரோட்டா வைரஸ் அந்த விரல்களின் நுனியில் உள்ள முதிர்ந்த செல்களைப் பிடிக்கிறது. ஆங்காங்கே பேயர் திட்டுகள் என்ற மேடுகள் உண்டு. அவற்றின் மேல் எம் செல்கள் என்று ஒரு வகை இருக்கிறது. இவற்றின் வேலையே விசித்திரமானது: குடலுக்குள் போகும் வரும் சரக்கில் கொஞ்சத்தைக் கிள்ளி எடுத்து, கீழே காத்திருக்கும் எதிர்ப்புச் செல்களிடம் நீட்டுவது. கோட்டைச் சுவரில் நாமே திறந்து வைத்த ஜன்னல் மாதிரி. போலியோ வைரஸ் அந்த ஜன்னலைத்தான் பயன்படுத்துகிறது.

மாதிரியைப் பார்த்த எதிர்ப்புச் செல்கள் பாடம் படித்து, ஐஜிஏ என்ற வகை ஆன்டிபாடியைச் சுரக்கும் செல்களாக முதிர்ந்து, குடல் சுவருக்கே திரும்பி வந்து குடியேறுகின்றன. அங்கிருந்து ஐஜிஏ சுவரைத் தாண்டிச் சளிப்படலத்துக்குள் போய்ச் சேர்கிறது. வளர்ந்த ஒருவர் உடலில் நாளொன்றுக்குச் சில கிராம் ஐஜிஏ இப்படிக் குடலுக்குள் இறங்குகிறது. ரத்தத்தில் ஆன்டிபாடி இருந்தால் போலியோ வாதம் வராமல் காக்கும். வைரஸ் குடலில் பெருகி அடுத்த குழந்தைக்குப் பரவாமல் தடுப்பதற்கு இந்த ஐஜிஏ வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கல். குடலின் எதிர்ப்பு மண்டலம் பெரும்பாலான நேரம் சும்மா இருக்கப் பழகியது. சாப்பாட்டோடு சண்டை போடக் கூடாது. ஊரே குடியிருக்கும் பாக்டீரியாவோடும் தினம் சண்டை போட்டால் குடல் புண்ணாகிவிடும். அதனால் எதைக் கண்டுகொள்வது, எதை விட்டுவிடுவது என்று ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. புதிதாக வரும் இரண்டு சொட்டு அந்தக் கணக்கில் எந்தப் பக்கம் விழும் என்பதுதான் வேலூரின் கேள்வி.

பீடி சுற்றும் தெருக்களில்

ராம்நாயக்கன்பாளையம், சின்ன அல்லாபுரம், கஸ்பா. வேலூரில் ஒன்றையொன்று ஒட்டிய, நெருக்கமான பகுதிகள். பல வீடுகளில் பீடி சுற்றுவதுதான் பிழைப்பு. அதே மருத்துவக் கல்லூரியின் ககன்தீப் காங் தலைமையிலான குழு இங்கே பிறந்த குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே பின்தொடர்ந்தது. களப்பணியாளர்கள் வாரத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு வந்து பேதி உண்டா, காய்ச்சல் உண்டா என்று கேட்பார்கள். பேதி இருக்கிறதோ இல்லையோ, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மல மாதிரி எடுத்துப் போவார்கள். 373 குழந்தைகளை மூன்று வயது வரை இப்படிக் கவனித்தார்கள். பெரிய கருவிகளைப் பற்றி எழுதும்போது இந்த டப்பா தூக்கிய நடையை மறந்துவிடுகிறோம். கீழே வரும் பல விஷயங்கள் அந்த டப்பாக்களிலிருந்து தொடங்கியவை.

2011-ல் முடிவு வெளியானது. ஆறு மாதம் நிரம்பும் முன்பே 56 சதவீதக் குழந்தைகளுக்கு ரோட்டா வைரஸ் தொற்றியிருந்தது. ஒருமுறை தொற்றினால் அடுத்த முறை வீரியம் குறையும் என்பது பொது விதி. மெக்சிகோவில் முன்பு நடந்த இதே மாதிரி ஆய்வில், இரண்டு முறை தொற்றிய குழந்தைகளுக்கு அதன் பிறகு மிதமான பேதியோ கடுமையான பேதியோ வரவே இல்லை. வேலூரில் மூன்று முறை தொற்றிய பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான்.

இதை ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும். இங்கே மருந்தே இல்லை. முழு வீரியமுள்ள காட்டு வைரஸே மூன்று முறை வந்து போயும் அந்தக் குடல் முழுப் பாடம் படிக்கவில்லை. அப்படியிருக்க, வீரியம் குறைத்த சொட்டிடம் நாம் என்ன எதிர்பார்ப்பது?

தடுப்பு மருந்துச் சோதனைகளும் அதையே சொன்னன. ஒரே நிறுவனத்தின் ஒரே ரோட்டா சொட்டு மருந்து, கடுமையான பேதிக்கு எதிராக ஐரோப்பாவில் 90 சதவீதத்துக்கு மேல் பலித்தது. தென்னாப்பிரிக்காவில் 77. மலாவியில் 49. இந்தியாவில் உருவான ரோட்டாவேக், டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. பலன் சுமார் 54 சதவீதம். குறைவுதான். ஆனாலும் ஏராளமான குழந்தைகள் பேதியால் ஆஸ்பத்திரிக்கு வரும் நாட்டில் பாதியைத் தடுப்பதே பெரிய காரியம் என்று 2016-ல் தேசியத் திட்டத்தில் ரோட்டா சொட்டைச் சேர்த்தார்கள். தமிழ்நாட்டுக்கு 2017-ல் வந்தது. அது சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

போலியோவில் நிலைமை இன்னும் மோசம். 2006-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் நிக்கோலஸ் கிராஸ்லி குழு கணக்குப் போட்டபோது, உத்தரப் பிரதேசத்தில் மூன்று வகைப் போலியோ வைரஸும் சேர்ந்த சொட்டு மருந்தின் ஒரு தவணை, முதல் வகைப் போலியோவுக்கு எதிராகத் தந்த பாதுகாப்பு 9 சதவீதம். பத்துத் தவணைக்கு மேல் வாங்கிய குழந்தைகளுக்கும் அங்கே வாதம் வந்தது இதனால்தான்.

சந்தேகம் பாக்டீரியா மேல்

ஏழ்மை, சத்துக்குறைவு, அசுத்தமான தண்ணீர் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஏழ்மை ஒரு செல்லுக்குள் நுழையாது. குடலில் கையால் தொட்டுக் காட்டக்கூடிய ஏதோ ஒன்று இருக்க வேண்டும்.

முதல் சந்தேகம் பாக்டீரியா மேல் விழுந்தது. அதற்கு எலிகள் தந்த தைரியம் ஒரு காரணம். 2011-ல் டெக்சாஸில் ஜூலி ஃபைஃபர் ஆய்வுக்கூடத்தில், போலியோ தொற்றக்கூடிய எலிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாவைக் குறைத்துவிட்டு, பிறகு போலியோ வைரஸை வாய்வழியே கொடுத்தார்கள். சாவு குறைந்தது. பாக்டீரியாவின் மேலுறையிலுள்ள சர்க்கரைச் சங்கிலிகள் வைரஸில் ஒட்டிக்கொண்டு அதை உறுதியாக்குகின்றன, செல்லைப் பிடிக்கவும் உதவுகின்றன என்று தெரிந்தது. அதாவது வைரஸ் குடல் பாக்டீரியாவைக் கைத்தடியாக ஊன்றிக்கொண்டு நடக்கிறது.

2015-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில், எலிகளின் குடலில் தொற்றும் நோரோவைரஸ் என்ற வைரஸை வைத்து வேறு கோணம் கிடைத்தது. ஆன்டிபயாடிக் கொடுத்த எலிகளின் குடலில் அந்த வைரஸால் நிலையாகத் தங்க முடியவில்லை. ஆனால் இன்டர்ஃபெரான் லாம்டா என்ற வைரஸ் எதிர்ப்புச் சமிக்ஞையை ஏற்கும் வாங்கி இல்லாத எலிகளில், ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் வைரஸ் சுகமாகத் தங்கியது. குடல் சுவரின் இந்த அலாரத்தை பாக்டீரியா எப்படியோ அடக்கி வைக்கிறது, அதன் மறைவில் வைரஸ் குடியிருக்கிறது என்றுதான் இதைப் படிக்க முடியும்.

எல்லா பாக்டீரியாவும் வைரஸின் கூட்டாளி என்று நினைத்துவிட வேண்டாம். ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கெவிர்ட்ஸ் குழுவிடம் எதிர்ப்பு மண்டலத்தின் ஒரு முக்கியப் பகுதியே இல்லாத எலிகள் இருந்தன. ரோட்டா வைரஸ் தொற்றினால் அவை வாழ்நாள் முழுக்க வைரஸை வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சில எலிகளை மட்டும் வைரஸால் அசைக்கவே முடியவில்லை. அவற்றின் மலத்தை மற்ற எலிகளுக்குக் கொடுத்தால் அவையும் தப்பித்தன. வடிகட்டி, பிரித்து, ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்ததில், நூல் மாதிரி நீண்டு குடல் சுவரில் ஒட்டி வாழும் ஒரு பாக்டீரியா வகையில் வந்து நின்றது. 2019-ல் அதை வெளியிட்டார்கள். வழக்கமாகச் சொல்லும் எதிர்ப்புச் சமிக்ஞைகள் எதுவும் அங்கே தேவைப்படவில்லை. அந்த பாக்டீரியா குடல் செல்கள் உதிர்ந்து புதுப்படும் வேகத்தைக் கூட்டியது. வைரஸ் பிடித்த செல் பெருகும் முன்பே உதிர்ந்து போனது. குத்தகைக்காரன் மூட்டையை இறக்குவதற்குள் வீட்டையே இடித்துவிடுவது மாதிரி ஒரு தற்காப்பு.

எலியிலிருந்து வேலூருக்கு வருவோம். இங்கே இன்னொரு பழைய சங்கதியும் இருந்தது. 1960-களிலேயே வேலூரில் எஸ். ஜே. பேக்கர், வி. ஐ. மாதன் ஆகியோர் வெப்பமண்டலக் குடல் நோய்களை ஆராய்ந்தார்கள். நோயே இல்லாத மாதிரி தெரியும் ஆட்களிடமும் குடலுறிஞ்சிகள் மழுங்கி, சுவர் லேசாக வீங்கி இருப்பது இம்மாதிரி ஊர்களில் சகஜம். அசுத்தமான சூழலில் ஓயாமல் வந்து போகும் கிருமிகளால் குடல் எப்போதும் பாதிச் சண்டையில் இருக்கிறது. அந்த இரைச்சலில் இரண்டு சொட்டின் குரல் எடுபடாமல் போகிறது என்பது நியாயமான ஊகம். சரி, இரைச்சலைக் குறைத்தால்?

மூன்று நாள் மருந்து

2014-ல் வேலூர் மாவட்டத்தில் அந்தக் கேள்வியை நேரடியாகச் சோதித்தார்கள். ஆறு முதல் பதினோரு மாதம் வரையுள்ள, மூன்றாம் வகைப் போலியோவுக்கு ரத்தத்தில் ஆன்டிபாடி இல்லாத 754 குழந்தைகள். பாதிப்பேருக்கு அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம், நாளுக்கு ஒரு வேளை, மூன்று நாள். மீதிப் பேருக்கு அதே மாதிரி தெரியும் வெற்று மருந்து. கொடுப்பவருக்கும் எது எது என்று தெரியாது. பதினான்காம் நாள் எல்லோருக்கும் மூன்றாம் வகை மட்டும் அடங்கிய போலியோ சொட்டு. பிறகு ரத்தம் எடுத்து ஆன்டிபாடி வந்ததா என்று பார்த்தார்கள்.

ஒரு சோதனை எப்படி அமைய வேண்டும் என்பதற்கு இதைப் பாடமாக வைக்கலாம். ஆன்டிபாடி வந்ததா இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டு விட்டிருந்தால், கடைசியில் கிடைத்த விடையால் யாருக்கும் உபயோகம் இருந்திருக்காது. அவர்கள் மலத்தில் கால்ப்ரொடெக்டின் போன்ற அழற்சிக் குறிகளையும் அளந்தார்கள். நோய் உண்டாக்கும் பாக்டீரியா, வைரஸ், ஒட்டுண்ணி என்று வரிசையாகத் தேடிப் பார்த்தார்கள்.

மருந்து தன் வேலையைச் செய்தது. அசித்ரோமைசின் வாங்கிய குழந்தைகளின் மலத்தில் நோய்க்கிருமி பாக்டீரியா குறைந்தது. அழற்சிக் குறிகளும் இறங்கின. இரைச்சல் உண்மையிலேயே அடங்கியது.

சொட்டு மருந்து மட்டும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் ஏறத்தாழ பாதிக் குழந்தைகளுக்குத்தான் ஆன்டிபாடி வந்தது. அசித்ரோமைசின் பக்கம் கூடவில்லை.

2016-ல் இந்த முடிவு வெளியானபோது தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. என் கருத்து நேர்மாறானது. இந்த விவகாரத்தில் இதுவரை கிடைத்ததிலேயே மிகப் பயனுள்ள விடை இதுதான். இது வராமல் இருந்திருந்தால், சொட்டு மருந்துக்கு முன்னால் கோடிக்கணக்கான குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா என்று யாராவது இன்றும் பேசிக்கொண்டிருப்பார்கள். மருந்துக்கு மசியாத பாக்டீரியா பெருகும் காலத்தில் அது எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதைவிட முக்கியமான துப்பு அந்த அட்டவணையிலேயே இருந்தது. அசித்ரோமைசின் பாக்டீரியாவைக் குறைத்தது. வைரஸ்களைக் குறைக்கவில்லை. ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்திதான், ஆனால் இங்கே அதற்குப் புது அர்த்தம் வந்தது: குற்றவாளி அறையை விட்டு வெளியேறவே இல்லை.

கூட்டத்தில் இருந்த மற்ற வைரஸ்கள்

அதே குழந்தைகளின் மல மாதிரிகளை, வைரஸின் மரபணுத் துணுக்கைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் முறையில் திரும்பப் பார்த்தார்கள். போலியோவின் உறவுக்கார வைரஸ்கள், போலியோ அல்லாத என்டரோவைரஸ்கள், ஏராளமான குழந்தைகளிடம் இருந்தன. பெரும்பாலும் ஒரு தொந்தரவும் தராமல் வந்து போகிறவை, அம்மாவுக்குக்கூடத் தெரியாது. சொட்டு கொடுக்கும் நேரத்தில் அவை குடலில் இருந்த குழந்தைகளுக்கு ஆன்டிபாடி வரும் வாய்ப்பு குறைந்திருந்தது. பாக்டீரியாக் கூட்டத்தின் அமைப்பைப் பார்த்தபோதோ, சொட்டு பலித்த குழந்தைக்கும் பலிக்காத குழந்தைக்கும் பெரிதாக வித்தியாசம் இல்லை. ரோட்டா சொட்டிலும் வேலூரில் கிட்டத்தட்ட இதே படம்: முதல் தவணையின்போது என்டரோவைரஸ் இருந்தால் பலன் குறைவு.

இதற்கான காரணம் புரிந்துகொள்ளக் கஷ்டமில்லை. ஒரு வைரஸ் குடல் செல்லைப் பிடித்ததும் அந்தச் செல் இன்டர்ஃபெரானை வெளியிட்டு அக்கம்பக்கத்தை எச்சரிக்கிறது. பக்கத்துச் செல்கள் எல்லாம் கதவைச் சாத்திக்கொள்கின்றன. அந்த நேரத்தில் வந்து சேரும் சொட்டு வைரஸுக்கு இடம் கிடைப்பதில்லை. எதிர்ப்பு மண்டலம் தன் கடமையை ஒழுங்காகச் செய்கிறது. நாம் அனுப்பிய விருந்தாளி என்று அதற்குத் தெரியாது, அவ்வளவே.

சொட்டுக்குள்ளேயே இந்தச் சண்டை உண்டு. பழைய மருந்தில் மூன்று வகைப் போலியோ வைரஸும் சேர்ந்திருக்கும். இரண்டாம் வகை முண்டியடித்து முன்னால் போய்விடும். ஒன்றும் மூன்றும் பின்தங்கும். இந்தியா 2005-ல் ஒற்றை வகை மருந்தையும் 2010-ல் இரண்டாம் வகை இல்லாத இருவகை மருந்தையும் கையில் எடுத்ததற்கு இது முக்கியக் காரணம். 2011 ஜனவரியில் ஹௌராவில் கண்டறியப்பட்டது, நாட்டில் காட்டு வைரஸால் வந்த கடைசி போலியோ.

வைரஸ் வைரஸைத் தடுக்கும் என்பது புதுச் சரக்கு இல்லை. சொட்டு மருந்தைக் கண்டுபிடித்த ஆல்பர்ட் சேபின் 1959-லேயே மெக்சிகோவின் தொலுக்கா நகரில் இதோடு மல்லுக்கு நின்றார். மற்றக் குடல் வைரஸ்கள் நிறைந்த ஊரில், எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே வீச்சில் சொட்டு கொடுத்தால் கூட்டத்தைச் சமாளிக்கலாம் என்று செய்து காட்டினார். வேடிக்கை என்னவென்றால், நாம் தொடங்கிய 1972 கட்டுரையின் தலைப்பிலேயே, வேலூரில் வைரஸ் குறுக்கீடு இல்லை என்று எழுதியிருந்தது. ஒரே ஊர், இரண்டு விடை. அன்றைக்கு வைரஸைத் தேடுவதென்றால் ஆய்வுக்கூடச் செல்களில் வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். வளர மறுக்கும் வகை கண்ணில் படாது. பிசிஆர் வந்த பிறகு பட்டது. என் ஊகம் இது. முதல் விடை பிழை என்று நான் சொல்ல வரவில்லை. அன்றைய வலையின் கண்ணி பெரிது.

ஆனாலும் என்டரோவைரஸ் மேல் மொத்தப் பழியையும் போட முடியாது. அது இல்லாத குழந்தைகளிலும் பலருக்குச் சொட்டு பலிக்கவில்லை.

அம்மாவின் பங்கு

பிறகு வேலூர், மலாவி, பிரிட்டன் மூன்றிலும் ஒரே அளவுகோலை வைத்து ரோட்டா சொட்டைப் பார்த்தார்கள்: வேலூரில் 307 குழந்தைகள், மலாவியில் 119, பிரிட்டனில் 60. முடிவு 2021-ல் வந்தது. வேலூரிலும் மலாவியிலும், அம்மாவின் ரத்தத்திலும் தாய்ப்பாலிலும் ரோட்டா ஆன்டிபாடி எவ்வளவு அதிகமோ, குழந்தைக்குச் சொட்டு அவ்வளவு குறைவாகப் பலித்தது. அம்மா கொடுத்த கவசமே மருந்து வைரஸை வாசலில் மடக்கிவிடுகிறது. இதைப் படித்துவிட்டுச் சொட்டு நாளன்று பாலை நிறுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். தாய்ப்பால் தடுக்கும் நோய்களின் பட்டியல் இதைவிட மிக நீளம்.

குழப்பம் என்னவென்றால், பிரிட்டன் அம்மாக்களிடமும் ஆன்டிபாடி ஏறக்குறைய அதே அளவில்தான் இருந்தது. அங்கே சொட்டு வைரஸ் அதைச் சட்டை செய்யாமல் பெருகியது. ஆக, ஆன்டிபாடி மட்டும் தனியாக நின்று தடுக்கவில்லை, கூட வேறு ஏதோ இருக்கிறது. இந்திய, மலாவிக் குழந்தைகளின் குடலில் பாக்டீரியா வகைகள் எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்குப் பலன் குறைந்தது என்றும் அதே ஆய்வு காட்டியது. பல வகை பாக்டீரியா இருந்தால் ஆரோக்கியம் என்று தயிர் விளம்பரம் வரை எல்லோரும் சொல்லும் காலத்தில் இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். இரண்டு மாதக் குழந்தைக்கு அத்தனை வகை என்றால், அதற்குள் அத்தனை அழுக்கு வாய்க்குள் போயிருக்கிறது என்றும் அர்த்தம் கொள்ளலாம்.

நல்ல பாக்டீரியாவைக் கொடுத்தும் பார்த்தார்கள். வேலூரில் 620 குழந்தைகளுக்கு லாக்டோபேசில்லஸ் வகை ஒன்று, துத்தநாகம், இரண்டும், எதுவும் இல்லை என்று நான்கு பிரிவு. ஒன்றும் வாங்காதவர்களில் 27 சதவீதத்துக்கு ரோட்டா ஆன்டிபாடி வந்தது, இரண்டும் வாங்கியவர்களில் 39. ஆசை காட்டும் எண். ஆனால் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் எதுவும் புள்ளியியலில் உறுதியாக நிற்கவில்லை.

கையில் போட்ட ஊசி

இத்தனை இழுபறிக்கு நடுவே ஒன்று மட்டும் சந்தேகமில்லாமல் வேலை செய்தது, அதுவும் யாரும் அவ்வளவாக எதிர்பார்க்காத வழியில். ஏற்கெனவே பலமுறை சொட்டு வாங்கிய, ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள 450 வேலூர்க் குழந்தைகளை எடுத்து, பாதிப்பேருக்குச் செயலிழந்த போலியோ வைரஸ் ஊசி ஒன்று போட்டார்கள். நான்கு வாரம் கழித்து எல்லோருக்கும் ஒரு சோதனைச் சொட்டு. ஒரு வாரம் சென்று மலத்தைப் பார்த்தால், ஊசி போடாதவர்களில் 26 சதவீதம் பேர் மூன்றாம் வகை வைரஸை வெளியேற்றினார்கள். ஊசி போட்டவர்களில் 8 சதவீதம். முதல் வகையில் 19-க்கு 12.

கையில் குத்திய ஊசி குடலுக்கு எப்படித் தெரிந்தது? சொட்டு அந்தக் குடலில் முன்பே ஒரு நினைவை விட்டுச் சென்றிருக்கிறது. குடலில் பாடம் படித்த செல்கள் உடம்பெங்கும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஊசி அவற்றை உசுப்பியதும் பழைய முகவரிக்கே திரும்புகின்றன. சொட்டே வாங்காத குழந்தைக்கு இதே ஊசியைப் போட்டால் ரத்தத்தில் ஆன்டிபாடி வரும், குடல் பெரிதாகக் கண்டுகொள்ளாது. கூட்டம் நிறைந்த வாசல் வழியாகப் போகாமல் பின்வாசலில் நுழைவது இது, ஆனால் பின்வாசல் திறக்க உள்ளே தெரிந்தவர் ஒருவர் வேண்டும்.

2016-ல் தமிழ்நாடு உட்படச் சில மாநிலங்களில் தொடங்கி, இந்தப் போலியோ ஊசி மருந்தில் வழக்கமான அளவின் ஐந்தில் ஒரு பங்கை மேல்கைத் தோலுக்குள் போடும் முறை இந்தியா முழுக்க வந்தது. ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், 2023 முதல் ஒன்பதாம் மாதமும். குழந்தைக்குச் சொட்டும் கொடுத்து ஊசியும் ஏன் போடுகிறார்கள் என்று தாத்தா பாட்டிகள் கேட்பது இதைத்தான்.

அப்போ ரோட்டாவுக்கும் ஊசி போட்டுவிடலாமே? போட்டுப் பார்த்தார்கள். வைரஸின் ஒரு துண்டுப் புரதத்தை வைத்துச் செய்த ஊசி மருந்தின் பெரிய சோதனை ஆப்பிரிக்காவில் நடந்தது. சொட்டை விட மேல் என்று நிரூபிக்கும் வாய்ப்பு தெரியாததால் 2022-ல் நிறுத்திவிட்டார்கள்.

முந்திப் போனால்?

இன்னொரு யோசனை, கூட்டம் சேரும் முன்பே போய் இடம் பிடிப்பது. இந்தோனேசியாவில், நோய் தராமல் பச்சிளங் குழந்தைகளிடம் தங்கும் ஒரு ரோட்டா வகையிலிருந்து மெல்போர்னில் உருவான சொட்டை, பிறந்து ஐந்து நாளுக்குள் தொடங்கிக் கொடுத்தார்கள். முதல் ஒரு வருடத்தில் கடுமையான பேதிக்கு எதிராக 94 சதவீதம் பலன், பதினெட்டு மாதம் வரை கணக்கிட்டால் 75. இப்படிப்பட்ட ஊர்களில் இந்த எண்ணைப் பார்த்துப் பழக்கமில்லை. நம் ரோட்டாவேக்கின் மூல வைரஸும் டெல்லியில் நோயில்லாத பச்சிளங் குழந்தைகளிடமிருந்து எடுக்கப்பட்டதுதான்.

வேலூர் இங்கேயும் தன் குணத்தைக் காட்டியது. அங்கே பிறந்த குழந்தைகள் வார்டிலேயே தொற்றும் ஜி10பி11 என்ற ரோட்டா வகை ஒன்று உண்டு. பிறந்த சில நாளிலேயே அது தொற்றிய குழந்தைகளை முன்பு சொன்ன பீடித் தெருக்களில் தேடிப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். முந்திக்கொண்டு வந்த அந்தத் தொற்று, பின்னால் வந்த ரோட்டா தொற்றுகளிலிருந்து அவர்களைக் காக்கவில்லை. 2018-ல் இன்னொன்றும் தெரிந்தது: தாய்ப்பாலில் உள்ள சில சர்க்கரைகள், மற்ற கிருமிகளைத் தடுக்கும் என்று நாம் புகழும் அதே சர்க்கரைகள், இந்த ஒரு வைரஸின் தொற்றும் திறனைக் கூட்டிவிடுகின்றன.